மாடி வாடகைக்கு விடப்பட்டுள்ளது

நகராட்சி அலுவலகத்தில் வருவாய்ப் பிரிவுக்கு எதிரே மூன்று இரும்பு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். நடுவில் இருப்பதற்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும். அரசப்பனுக்கு அது தெரியும். தெரிந்தும் அதில்தான் உட்கார்ந்தார். மற்ற இரண்டிலும் ஆள் இருந்தது, இவருக்கு முதுகு வலி. ஒரே வேலைக்கு ஏழாவது முறை வருகிற மனிதர் நாற்காலியில் நல்லது கெட்டது பார்க்க மாட்டார்.

அவர் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் வீட்டு வரி ரசீதுகள், கரண்ட் கார்டு, ரேஷன் கார்டு நகல், பத்திர நகல், இதுவரை கொடுத்த மனுக்களின் நகல்கள். மூன்று வருஷத்தில் பை கனத்துவிட்டது. காரியம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அரசப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. திண்டிவனத்தில் விளைபொருள் வந்து இறங்குகிற இடத்தில் முப்பது வருஷமாக எடை போடுகிறவர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, நெல், உளுந்து, எள் என்று எத்தனையோ ஆயிரம் மூட்டைகள் அவர் கண்முன்னே தராசில் ஏறி இறங்கியிருக்கின்றன. வியாபாரி கண்ணைக் காட்டினாலும் சரி, விவசாயி கையைப் பிடித்தாலும் சரி, தராசு காட்டியதைத்தான் சொல்லுவார். “அரசப்பன் சொன்னா சரியா இருக்கும்” என்று இரண்டு பக்கத்திலும் பேர். ஊரார் மூட்டைக்கெல்லாம் சரியாக எடை சொன்ன அந்த மனிதர், தன் வீட்டைப் பற்றி ஒரே ஒரு பொய் சொன்னார். அதையும் பேனாவும் படிவமுமாக நின்றவனிடம் போய்ச் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த வீடு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். மயிலத்துக்குப் பக்கத்தில் அரசப்பனின் அப்பா விட்டுப்போன ஒண்ணேகால் ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை ஒன்று இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் வடிவு, இளையவர் அரசப்பன். சட்டப்படி அக்காவுக்கும் அதில் பாதி. ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் சட்டத்தைவிடப் பழையது. கட்டிக்கொடுத்த பெண் வந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாள், கூடப்பிறந்தவன் ஒரு பட்டுச்சீலையும் மஞ்சள் குங்குமமும் தட்டில் வைத்துக் கொடுப்பான். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். பதிவு அலுவலகத்தில் படித்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது வடிவு, “என் தம்பி எழுதிக்கினு வந்ததுதானே” என்று சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். அரக்கு நிறச் சீலை. அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த நிலத்தை விற்றுத்தான் 2009-ல் திண்டிவனத்தில், மயிலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். கீழே எண்ணூறு சதுர அடி. மேலே ஒரே அறையும் கக்கூஸும், முன்னால் கொஞ்சம் வெட்டவெளியும். நாலு வருஷம் கழித்து வடிவின் புருஷன் இறந்துபோனார். பிள்ளை இல்லை. அரசப்பன் தானாகப் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து மாடி அறையைக் கொடுத்தார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அக்கா ஒரு தையல் மிஷினோடு வந்தாள். தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தாள், புடவைக்கு ஓரம் அடித்தாள். தன் கைச்செலவுக்கு அவள் யாரிடமும் கை நீட்டியதில்லை.

2022-ல் வீட்டு வரியைத் திருத்தினார்கள். வீட்டு வரி என்பது வீட்டின் அழகைப் பார்த்துப் போடுவதில்லை. எத்தனை சதுர அடி, எந்தத் தெரு, ஓடா தளமா, கட்டி எத்தனை வருஷம் ஆகிறது என்று பார்ப்பார்கள். அதோடு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. குடியிருக்கிற இடமா, தொழில் நடக்கிற இடமா? சொந்தக்காரர் இருக்கிறாரா, வாடகைக்கு விட்டிருக்கிறாரா? தொழில் என்றால் வரி மடங்காக ஏறும். வாடகை என்றால் சொந்தக் குடியிருப்புக்குக் கிடைக்கிற கழிவு கிடைக்காது. இதையெல்லாம் வீட்டுக்காரரே படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். எழுதியது சரிதானா என்று பார்க்க ஓர் ஆள் டேப்போடு வருவார்.

அந்த ஆள், அரசப்பனின் ஒரே மகள் அம்பிகாவைப் பெண் பார்க்க வந்த நாளில் வந்தார்.

வளர்பிறை வெள்ளிக்கிழமை. கண்டாச்சிபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா அரங்கநாதன், அவர் மனைவி, கூட நாலு பேர். தரகர் மண்ணாங்கட்டி முதல் நாளே வந்து அரசப்பனுக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரே பெண், சொந்த வீடு, மாடியில் வாடகை வருகிறது என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். அரசப்பன் பதறிப்போய், மாடியில் அக்கா இல்லையா என்று கேட்டார். மண்ணாங்கட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, தாலி அறுத்த அக்கா வீட்டோடு இருக்கிறாள் என்றால், நாளைக்கு வீட்டில் பங்கு கேட்பாளோ என்று அவர்கள் யோசிப்பார்கள் என்றார். “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சொன்னாங்க. உன்னை நான் ஒண்ணே ஒண்ணுதானே சொல்லச் சொல்றேன்?”

அரசப்பனின் மனைவி கெங்கம்மாள், நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் அண்ணி கீழே வராமல் இருந்தால் தேவலை என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் வடிவே, தான் கீழே இறங்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அம்பிகா அன்றைக்குக் கட்டிக்கொண்ட புடவைக்கு ஜாக்கெட் தைத்தது அவள்தான். அதைக் கீழே அனுப்பிவிட்டு வேறு துணியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

கேசரியும் பஜ்ஜியும் முடிந்து காப்பி வந்திருந்தது. அரங்கநாதன் தலையைத் தூக்கி, மேலே என்னவோ மிஷின் சத்தம் கேட்கிறதே என்றார். சரியாக அந்த நேரத்தில் வாசலில் டேப்போடு அந்த ஆள். கீழ்ப்பகுதியை வெளியிலேயே அளந்து முடித்திருந்தார். படிவத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, “மாடியில யாரு சார்? உங்க ஆளுங்களா, வாடகையா?” என்று கேட்டார்.

மண்ணாங்கட்டி ஒரு தரம் இருமினார். அத்தனை முகமும் அரசப்பனைப் பார்த்தன.

“வாடகைக்கு விட்டிருக்கேன். தையல் கடை.”

“இருக்கறவங்க பேரு?”

வேறு ஒரு பேர் அவர் வாயில் வரவில்லை. “வடிவு,” என்றார்.

அந்த ஆள் எழுதிக்கொண்டார், படிவத்தை நீட்டினார், அரசப்பன் கையெழுத்துப் போட்டார். மாடியில் மிஷின் சத்தம் நின்றிருந்தது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கல்யாணம் பேசி முடிந்தது. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் வரி அறிவிப்பு வந்தது. அரசப்பன் வேலைக்குப் போயிருந்தார், வடிவுதான் வாசலில் நின்று வாங்கினாள். சாயங்காலம் அது பிரிட்ஜுக்கு மேலே, மடித்தது மடித்தபடி இருந்தது. அக்கா அஞ்சாவது வரைக்கும் படித்தவள், அரசாங்கத் தமிழை எங்கே படிக்கப்போகிறாள் என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டார். அதில் தெளிவாகப் போட்டிருந்தது. மாடிப்பகுதி, பயன்பாடு தையல் கடை, வாடகைக்கு விடப்பட்டுள்ளது, அனுபவிப்பவர் வடிவு. ஆட்சேபம் இருந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் எழுதிக் கொடுக்கவும்.

எப்படி எழுதிக் கொடுப்பார்? சம்பந்தியின் மச்சினர் ஒருவர் திண்டிவனத்தில்தான் கடை வைத்திருந்தார். விசாரணை என்று யாராவது தெருவில் வந்து நின்றால் விஷயம் கண்டாச்சிபுரம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? நாள் கடந்துபோனது. மயிலம் மலையில் கல்யாணமும் நடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வடிவு அம்பிகாவுக்குச் சொந்த அத்தைதான் என்பது சம்பந்தி வீட்டுக்குக் கல்யாணத்திலேயே தெரிந்துபோனது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்பார்கள், நாளைக்குக் கேட்பார்கள் என்று அரசப்பன் காத்திருந்தார். கேட்கவே இல்லை. எல்லாரும் மறந்துவிட்டார்கள், நகராட்சி மட்டும் மறக்கவில்லை என்று எண்ணிக்கொண்டார். சொல்லவே வேண்டியிருக்காத ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அரையாண்டுக்கு ஒரு தரம் அதற்கு வரி கட்டிக்கொண்டிருந்தார்.

வரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அவருடைய முதுகும் ஒத்துழைக்கவில்லை, வேலைக்குப் போகிற நாள் குறைந்தது. ஆனாலும் பணம் இரண்டாம்பட்சம்தான். அறிவிப்பில் அக்காவைப் பற்றி எழுதியிருந்த அந்த ஒரு வரிதான் அவரை அரித்தது. எவளுடைய நிலத்தை விற்றுக் கட்டிய வீடோ, அவளையே அந்த வீட்டில் வாடகைக்காரி என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அக்காவின் காதுக்குப் போவதற்கு முன்னால் அதை அழித்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை என்று தெரிந்தும் பிடித்தார்.

முதல் மூன்று தடவை கவுன்டரைக் கண்டுபிடிப்பதிலேயே போனது. பிறகு புகழேந்தி என்கிற எழுத்தர் கிடைத்தார். மரியாதையான பையன். உட்காரச் சொல்லுவார், மனுவை முழுசாகப் படிப்பார், கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக் காட்டுவார். ஆத்திரப்பட ஓர் ஆள் கிடைத்தாலாவது களைப்பு பாதி இறங்கும். அரசப்பனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

கரண்ட் கார்டைக் காட்டினார். வீடு முழுசுக்கும் ஒரே மீட்டர், வீட்டு இணைப்பு. புகழேந்தி பார்த்துவிட்டு, மீட்டர் ஒன்றுதான், ஆனால் வாடகை வாங்கவில்லை என்று மீட்டர் எப்படிச் சொல்லும் என்றார். நியாயம்தான். ரேஷன் கார்டைக் காட்டினார். அக்காவுக்குத் தனிக் கார்டு. அது இவருக்கே எதிராகப் போய்விட்டது. நோட்டரியிடம் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு போனார். அதையும் கோப்பில் சேர்த்துக்கொண்டு, எப்படியும் இடத்தில் வந்து பார்க்காமல் மாற்ற முடியாது என்றார் புகழேந்தி. முன்னால் வந்து பார்த்தவரிடம் நீங்களேதானே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று படிவத்தைத் திருப்பிக் காட்டினார். தன் கையெழுத்தையே பார்த்துவிட்டு அரசப்பன் பையை மூடினார்.

இடத்தில் வந்து பார்ப்பதுதான் அவருக்கு ஆகாது. வருகிற அதிகாரி மாடி ஏறுவார். ஏறினால் கேட்பார். கேட்டால் அக்காவுக்குத் தெரிந்துபோகும்.

யாரோ யோசனை சொன்னார்கள் என்று ஒரு திங்கட்கிழமை விடியற்காலை பஸ் பிடித்து விழுப்புரம் போனார். கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். வாசலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பையைச் சோதித்தார்கள். இருந்த களைப்புக்கு, கொளுத்திக்கொள்ளக்கூடத் தனக்குத் தெம்பு இல்லை என்று அரசப்பன் நினைத்துக்கொண்டார். வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்து, நம்பர் போட்ட சீட்டு வாங்கிக்கொண்டு மத்தியானம் பஸ் ஏறினார். வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தார்.

அந்த மனுதான் சுற்றிக்கொண்டு இப்போது புகழேந்தியின் மேஜைக்கே வந்திருந்தது. அதற்காகத்தான் ஏழாவது முறையாக வரச்சொல்லியிருந்தார்.

“விழுப்புரத்துலேர்ந்து வந்ததால பதில் போட்டே ஆவணும் ஐயா. ஆர்.ஐ. மேடம் புதன்கிழமை உங்க வீட்டுக்கு வர்றாங்க,” என்றார் புகழேந்தி. அரசப்பனின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டு, அதற்குள் மாடியில் இருக்கிற அம்மாவிடம் மூன்று வரி எழுதி வாங்கிவிட்டால் போதும், மேடம் கீழேயே அளவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்றார். நான் உரிமையாளரின் உடன்பிறந்தவள், வாடகை தரவில்லை, கடை நடத்தவில்லை. கீழே கையெழுத்து.

எதிரில் இருந்த டைப் அடிக்கிற கடையில் அதை அடித்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் அரசப்பன். அக்காவிடம் அவர் கேட்கப்போகிற இரண்டாவது கையெழுத்து அது.

திங்கட்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் பாதி ஏறினார். அக்கா எட்டிப் பார்த்து, முதுகு வலியோடு எதற்குப் படி ஏறுகிறாய், கூப்பிட்டால் நான் வரமாட்டேனா என்று கடிந்துகொண்டாள். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். செவ்வாய்க்கிழமை முழுசும் ஏறினார். அக்கா கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள், ஒரு உருண்டையைத் தட்டில் போட்டுக் கொடுத்தாள். தின்றுவிட்டுக் கை கழுவினார். அந்தச் சோற்றைத் தின்ற வாயால் அவரால் கேட்க முடியவில்லை. காகிதம் வியர்வையில் நனைந்து பையோடு ஒட்டிக்கொண்டது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு வருவாய் ஆய்வாளர் கலைமதி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும். கெங்கம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, எழுத்து ஏதும் வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். அரசப்பன் இல்லை என்று தலையை ஆட்டினார். இல்லையென்றால் மேலே போய்ப் பார்த்துவிடலாம் என்று கலைமதி படியேறினார். பின்னாலேயே அரசப்பன். அன்றைக்குப் பதினாறு படியும் நூற்று அறுபதாக இருந்தது.

வடிவு மிஷினில் உட்கார்ந்திருந்தாள். ஆளைப் பார்த்ததும் காலை எடுத்துவிட்டு எழுந்து, துணிகளை ஒதுக்கி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கலைமதி உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டில், அடுப்பு, கொடியில் இரண்டு புடவை, ஒரு மிஷின். கடை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

“உங்க பேரும்மா?”

“வடிவு.”

“இங்க வாடகைக்கா இருக்கீங்க?”

“ஆமாம்மா. வாடகைக்குத்தான் இருக்கேன். தையல் கடை வச்சிருக்கேன்.”

வாசற்படியில் நின்ற அரசப்பன் உள்ளே வந்தார். அவர் அவசர அவசரமாக, “இல்ல மேடம், என் கூடப்பொறந்த அக்கா. ஒரு பைசா வாடகை கெடையாது,” என்றார். கலைமதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வரியைக் குறைக்க வாடகைக்காரரைச் சொந்தம் என்று சொல்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். சொந்த அக்காவே வாடகைக்காரி என்று அடித்துச் சொல்வதை இப்போதுதான் பார்க்கிறார் போலிருந்தது. இரண்டு பேரும் பேசி ஒரே பேச்சாகச் சொல்லுங்கள், நான் கீழே மற்ற அளவுகளைச் சரிபார்க்கிறேன் என்று இறங்கிப் போனார்.

அரசப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“நீ சொல்லும்போதே தெரியும்டா. மிஷின நிறுத்திட்டுக் கேட்டுக்கினுதானே இருந்தேன்.”

அவளுடைய குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அரசப்பனுக்கு நன்றாக இருந்திருக்கும். கல்யாணத்தன்றே சம்பந்தியம்மா தன்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் தம்பி வீட்டோடு இருக்கிறீர்களா என்று கேட்டதாகவும், கூடப்பிறந்தாலும் கணக்கு கணக்குதான், மாசா மாசம் வாடகை கொடுத்துத்தான் இருக்கிறேன் என்று தான் பதில் சொன்னதாகவும் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். “நீ ஒண்ணு சொல்லி, நான் ஒண்ணு சொன்னா நம்ம பொண்ணு மரியாத இன்னா ஆவறது?”

ஒருவரும் தன்னைக் கேட்காததன் காரணம் அரசப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. யாரும் மறக்கவில்லை. அவருடைய பொய்யை அக்கா மூன்று வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

“தப்புதான்க்கா,” என்றார். “உன் நெலத்த வித்துக் கட்டின வீடு. உன்னையே அப்படிச் சொல்லிட்டேன். மூணு வருஷமா ஒரு வாய் சோறு ஒழுங்கா எறங்கல எனக்கு.”

“வுடு. கல்யாணத்துக்குத்தானே சொன்ன.”

அவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை உரித்து எடுத்து நீட்டினார். இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஆகிவிடும் என்றார். வடிவு கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அன்றைக்குப் பதிவு அலுவலகத்தில் படிக்காதவள் இன்றைக்குப் படித்தாள். உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாக, மூன்று வரியையும் கடைசி வரைக்கும் படித்தாள்.

பிறகு மிஷினின் சின்ன இழுப்பறையைத் திறந்து, நூற்கண்டுகளுக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். 2022-ல் வந்த வரி அறிவிப்பின் ஜெராக்ஸ். பிரிட்ஜுக்கு மேலே வைப்பதற்கு முன்னால் தெருமுனைக் கடையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அனுபவிப்பவர் வடிவு என்று இருந்த இடத்துக்குக் கீழே பென்சிலில் கோடு போட்டிருந்தாள்.

“இந்த வூட்டு சம்பந்தப்பட்ட காயிதத்துல என் பேரு இருக்கறது இது ஒண்ணுதான்டா தம்பி,” என்றாள். “அந்தக் கையெழுத்தப் போட்டு நெலம் எனக்கில்லன்னு ஆச்சு. இத்தயும் போட்டுட்டா வாடகைக்குக்கூட நான் இங்க இல்லன்னு ஆயிடும். நீ இருக்கற வரைக்கும் எனக்கு ஒரு கவலையும் கெடையாது. உனக்குப் பின்னால சம்பந்தி வூட்டுக்காரங்க வந்து, நீ யாரு, எதுக்கு இங்க இருக்கேன்னு கேட்டா, நான் எத்தக் காட்டுவேன், சொல்லு? இது அப்படியே இருந்துட்டுப் போவட்டும். வரியில ஏறினத நான் தச்சுக் குடுத்துடறேன்.”

டைப் அடித்த காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது என்னவென்று அரசப்பனுக்குத் தெரியும். மாடியை உன் பேருக்கே எழுதி வைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்பிகாவின் முகம் வந்தது, சம்பந்தியின் முகம் வந்தது, கீழே நிற்கிற கெங்கம்மாளின் முகமும் வந்தது. வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். தன்னை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல், பார்த்து இறங்கு, கடைசிப் படி உடைந்திருக்கிறது என்றாள்.

கீழே கலைமதி டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்ன முடிவு என்று கேட்டார்.

“வாடகைதான் மேடம். மொதல்ல எழுதினபடியே இருக்கட்டும்.”

கலைமதி புருவத்தைத் தூக்கினார். மூன்று வருஷமாக மனு, விழுப்புரம் வரைக்கும் போயிருக்கிறீர்கள், இப்போது இப்படிச் சொல்கிறீர்களே, மறுபடி மாற்றவேண்டும் என்று வந்தால் எல்லாம் முதலிலிருந்துதான் என்றார். வரமாட்டேன் என்றார் அரசப்பன். கலைமதி ஒரு தாளில் மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதி, படித்துக் காட்டி, பேனாவைக் கொடுத்தார். மாடிப்பகுதியில் வடிவு என்பவர் வாடகைக்குக் குடியிருந்து தையல் தொழில் செய்துவருவது உண்மை.

பேனாவை வாங்கியவர் எழுதாமல் நின்றார். இன்னொரு வார்த்தை சேர்க்க முடியுமா என்று கேட்டார். என்ன என்றார் கலைமதி.

“2013-லேர்ந்துன்னு போடுங்க மேடம். அந்த வருஷந்தான் வந்தாங்க.”

கலைமதி அதை நடுவில் சேர்த்து எழுதினார். கெங்கம்மாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அரசப்பன் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு அதற்கு ஒரு நகல் கிடைக்குமா, அக்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.